பித்தப்பையும் என் பிடியும்

சுகிர்தம், என் கண்ணே,

உன் கடிதம் இன்று காலை வந்தது. முதல் பக்கத்தைப் படித்ததும் எனக்கு உட்காரவே முடியவில்லை. மூன்று மாதமாக வலது விலாவுக்குக் கீழே என்னைப் பிடுங்கித் தின்கிற வலிக்குப் பித்தப்பையில் இருக்கிற கல்தான் காரணம் என்று முடிவாக எழுதிவிட்டாய். வருகிற வெள்ளிக்கிழமை உன் ஆஸ்பத்திரியிலேயே ஆப்பரேஷன் என்றும் எழுதிவிட்டாய். வேறு ஒருத்தியாக இருந்தால் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரங்குப் பெட்டியைத் திறந்து, நீ மருத்துவம் படித்த காலத்தில் எனக்கு வரைந்து அனுப்பிய பித்தக் குழாய்ப் படங்களையெல்லாம் எடுத்துத் தரையில் பரப்பிவிட்டேன். என் வயிற்றுக்குள் இருப்பது இதில் எந்த மாதிரி என்று தெரிந்துகொள்ள அப்படி ஒரு ஆவல். இத்தனை வருஷம் ஊரார் வயிற்றைப் பார்த்தவளுக்குத் தன் வயிற்றைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்றுதான் வருத்தம். மயக்கத்தில் அல்லவா கிடப்பேன்!

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜுலேகா எட்டிப் பார்த்தாள். ஆட்டிறைச்சிக் கடைக்காரர் வீட்டு ஜுலேகாவை மறந்திருக்க மாட்டாய். "இன்னாக்கா, பொண்ணுகிட்டேர்ந்து காயிதமா? ஒரே குஷியா கீறே. மாப்ள ஏதாச்சும் அமஞ்சுதா?" என்றாள். "மாப்ளயாவது! எனக்கு வவுத்த கிழிக்கப் போறாங்கடி, வெள்ளிக்கெழம!" என்றேன். அவள் "யா அல்லா" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கா இப்படி குதிக்கிறே? உனுக்கு கல்லு வவுத்துல இல்லக்கா, மண்டையில" என்று சொல்லிவிட்டு, எனக்காக அழவும் ஆரம்பித்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் உன் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. 'கத்தி நான் எடுக்கவில்லை அம்மா. மாதம் ஒரு தடவை இங்கே வருகிற பட்டணத்து டாக்டர் செய்வார். நான் அந்த அறைக்குள்ளேயே வரமாட்டேன். உன் வயிற்றைப் பார்த்தால் என் கை நடுங்கும்' என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டாயா? அவர் பித்தப்பையை இருபது நிமிஷத்தில் எடுத்துவிடுவாராம், அவர் வேகத்துக்கு இந்த ஜில்லாவிலேயே ஆள் இல்லையாம். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து இதை எழுதியிருக்கிறாய். எனக்கோ அந்த வரியில்தான் பக்கென்றது. உன்னை டாக்டர் ஆக்கியது எதற்கு? அடுத்த வீட்டுக்காரி வயிற்றை நீ பார், என் வயிற்றை வேகக்காரர் பார்க்கட்டும் என்பதற்கா? நீதான் செய்ய வேண்டும், இல்லையென்றால் கல்லோடேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்று உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதின தாளில் அது மட்டும்தான் இருந்தது. அதைக் கிழித்துவிட்டேன். காரணம் சொல்லாமல் பிடிவாதம் பிடித்தால் நீ கேட்க மாட்டாய். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

உன் அப்பாவின் தொழில் ஆடு உரிப்பது. அது உனக்குத் தெரியும். அதில் நான் என்ன செய்தேன் என்பது உனக்கு அவ்வளவாகத் தெரியாது. பின்னங்காலில் கட்டித் தொங்கவிட்ட ஆட்டின் தோலை நான் இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பேன். அவர் கத்தியையும் முஷ்டியையும் உள்ளே விட்டுப் பிரித்துக்கொண்டே வருவார். என் பிடி கொஞ்சம் தளர்ந்தால் தோல் சுருங்கிக் கத்தி அதில் ஏறிவிடும். ஓட்டை விழுந்த தோலைத் தோல் மண்டியில் முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே கல்யாணமான முதல் வாரத்திலிருந்து நான் கேட்ட பாட்டு ஒன்றே ஒன்றுதான். "இழுத்துப் புடி, நல்லா இழுத்துப் புடி." பக்ரீத் அன்று ஆம்பூரில் வீட்டுக்கு வீடு எங்களைக் கூப்பிடுவார்கள். சாயங்காலம் என் விரல்களை மடக்கவே முடியாது. இன்னொன்றும் உண்டு. இழுக்கிறபோது சில சமயம் தோலோடு மெல்லிய சதையும் ஒட்டிக்கொண்டு வரும். கத்தி வைத்திருக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. இழுக்கிறவள் கைக்குத்தான் தெரியும். தோல் மட்டும் வந்தால் கையில் ஒரு கனம், சதை சேர்ந்து வந்தால் வேறு கனம். அப்போது நான் "சதை வருது" என்று கத்த வேண்டும். நான் கத்தினால் உன் அப்பா கத்தியை அப்படியே நிறுத்துவார். என்னிடம் கோபமாக இருக்கிற நாளிலும் நிறுத்துவார். ஒரு தடவைகூட "உனுக்கு இன்னா தெரியும்" என்று கேட்டதில்லை.

அவர் ஜுரத்தில் போய்ச் சேர்ந்தபோது உனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போன சின்ன ஆஸ்பத்திரி இப்போது இல்லை, அதன் பெயர் வேண்டாம். தரை கழுவத்தான் எடுத்தார்கள். ஆப்பரேஷன் அறையில் ஒரு நாள் காயத்தை விரித்துப் பிடிக்க ஆள் போதவில்லை என்று என்னைக் கை கழுவச் சொல்லி நிற்க வைத்தார்கள். அன்று என் பிடியைப் பார்த்த வெள்ளைக்காரத் துரைசானி டாக்டரம்மா அதற்குப் பிறகு என்னை விடவேயில்லை. ஒரு மணி நேரம் பிடித்தாலும் என் கை ஆடாது. மற்றவர்கள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவார்கள். எனக்கு அது பழகின விஷயம். "இவளுக்கு இரும்புக் கை" என்று அந்த அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும். உண்மையைச் சொல்கிறேன் சுகிர்தம், எனக்கு அதில் தலைக்கனம் ஏறிவிட்டது. நர்ஸுகளே என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். தோல்காரி என்று ஒதுங்கிப் போனவர்களின் வயிற்றுக்குள்ளேயே என் கை இருந்தது.

குடியாத்தத்திலிருந்து வள்ளியம்மா என்று ஒரு அம்மாள் வந்தாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண், என் வயதுதான், வாய் ஓயாமல் பேசுவாள். பித்தப்பையில் கல். இன்றைக்கு எனக்கு இருக்கிற இதே வலி. மயக்கத்துக்கு ஈதர் கொடுப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தாம்மா, நீ பக்கத்துலயே இரு. நான் முழிக்கிற வரிக்கும் கைய உட்டுடாதே" என்றாள். "உடமாட்டேன், தூங்கு" என்றேன். டாக்டரம்மா வயிற்றைத் திறந்து, பித்தப்பையை இடுக்கியால் கவ்வி, அந்த இடுக்கியை என் கையில் கொடுத்தது. "பிடி. நன்றாகப் பிடி" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது. என் கைக்குத் தெரிந்த பிடி எது? இழுத்துப் பிடிப்பதுதான். கத்தி ஓட வேண்டுமானால் இழுக்க வேண்டும் என்று ஊறிப்போன கை. ஆட்டுத்தோலை இழுக்கிற மாதிரியே அந்தப் பித்தப்பையை என் பக்கம் இழுத்தேன். முறையாகக் கற்றுக்கொண்டவர்கள் யாரும் அவ்வளவு இழுத்திருக்க மாட்டார்கள். தோல் தொழிலிலிருந்து வந்த கையின் தப்பு அது.

இழுத்துக்கொண்டு நிற்கும்போதே என் கைக்கு ஏதோ தெரிந்தது. வழக்கமாக ஒரு சின்னக் காம்பின் கனம்தான் இருக்கும். அன்று ஆழத்திலிருந்து ஏதோ சேர்ந்து வந்தது. சதை வருகிற கனம். பத்து வருஷம் ஆடு பிடித்த கைக்கு அது தெரியாமல் போகுமா? "சதை வருது" என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது ஆப்பரேஷன் அறை. வாயில் துணி கட்டியிருக்கிறேன். படித்த நர்ஸுகளே அங்கே கேட்டால்தான் பேசுவார்கள். தரை கழுவ வந்தவள் துரைசானியை நிறுத்துவதா? 'உனுக்கு இன்னா தெரியும்' என்று கேட்டுவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா குழாயை நூலால் கட்டியது, வெட்டியது, பையை எடுத்துத் தட்டில் போட்டது. வேலை சீக்கிரம் முடிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். வள்ளியம்மா கண் விழிக்கிறவரைக்கும் சொன்னபடி கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அவள் கண் மஞ்சளாயிற்று. பிறகு தோலெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்புக் களிபோல் வெளுத்துவிட்டது. ஈரல் முன்பே கெட்டிருக்கும் என்றது டாக்டரம்மா. அந்த அம்மா மனதறிந்து பொய் சொல்லவில்லை, அதற்கும் தெரியவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் குடியாத்தம் போய்ப் பார்த்தேன். தறிப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள், கையெல்லாம் சொறிந்த புண். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "நீதானாமே என்னை புடிச்சிருந்தது? நல்ல கைம்மா உன்னுது. சொன்ன சொல்லு தவறாம கூடவே இருந்தியே" என்று என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிளம்பும்போது நீலக் கட்டம் போட்ட துணி ஒன்றை மடியில் வைத்தாள். நீ எட்டாம் வகுப்புக்குத் தாவணியாகப் போட்டுக்கொண்டு போனாயே, அந்தத் துணிதான். அடுத்த முறை போனபோது அவள் இல்லை. என்ன நடந்தது என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை. கை மட்டும் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது, அதைக் கேட்கப் பயந்துகொண்டு இருந்தேன்.

அதற்கு விடை உன்னிடமிருந்துதான் வந்தது. பிணம் அறுத்துப் படிக்கத் தொடங்கிய வருஷம் நீ எழுதிய கடிதங்களை இப்போது என் மடியிலேயே வைத்திருக்கிறேன். புத்தகத்தில் போட்டிருக்கிறபடி ஈரலிலிருந்து வலமும் இடமுமாக இரண்டு குழாய் வந்து ஒரு பெரிய குழாயாகச் சேர்கிறது. பித்தப்பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் வந்து அதன் வலப்பக்கம் சேர்கிறது. பையை எடுக்கிறவர் அந்தச் சின்னக் குழாயையும் அதன் பக்கத்தில் ஓடுகிற சின்ன ரத்தக் குழாயையும்தான் கட்டி வெட்ட வேண்டும். பெரியதைத் தொடவே கூடாது, தொட்டால் பித்தம் குடலுக்குப் போக வழியில்லை. இதை முதல் கடிதத்தில் வரைந்தாய். அடுத்த கடிதத்தில், 'அம்மா, புத்தகம் சொல்கிறபடி எல்லோருக்கும் இல்லை! இன்று பார்த்ததில் சின்னக் குழாய் பின்பக்கமாகச் சுற்றிப் போய் இடப்பக்கம் சேர்ந்தது' என்று துள்ளியிருந்தாய். பிறகு ஒருவருக்குச் சின்னக் குழாயே இல்லாத மாதிரி அவ்வளவு குட்டை. இன்னொருவருக்கு ஈரலிலிருந்து தனியாக ஒரு குழாய் இறங்கிப் பையின் கழுத்தருகே ஒளிந்திருந்தது. ஒருவருக்கு ரத்தக் குழாய் பெரிய குழாயின் முன்னால் குறுக்கே ஓடியது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! முகம் ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதுபோல உள்ளேயும் வேறாக இருக்கிறதே என்று ஜுலேகா வீட்டுக்கு ஓடினேன். அவள் புருஷன் கடையிலிருந்து ஆட்டு ஈரலாக வாங்கி வந்து நானே அறுத்துப் பார்த்தேன். ஆட்டிலும் அப்படித்தான் இருந்தது. பார்த்து முடித்துக் குழம்பு வைத்தேன். அந்த வருஷம் முழுக்க எங்கள் தெருவில் ஈரல் குழம்பு வாசனைதான். "டாக்டர் பொண்ணு படிக்கிறா, ஈரல் ஜாஸ்தியா கரையுது" என்று அவர் சிரிப்பார்.

பிறகு ஒரு படம் வந்தது. அதில் சின்னக் குழாய் பெரிய குழாயோடு பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வெகுதூரம் கீழே இறங்கிப் பிறகுதான் சேர்கிறது. கீழே நீ எழுதியிருந்தாய்: 'இப்படிப்பட்டவர்களுக்குப் பித்தப்பையை இழுத்துப் பிடித்தால் பெரிய குழாயும் கூடாரம்போல் எழும்பி வந்து ஒரே கோட்டில் நிற்கும். அதையே சின்னக் குழாய் என்று நினைத்துக் கட்டிவிடுவார்கள். ஆகவே கட்டுவதற்கு முன்னால் பிடியைத் தளர்த்தி, சின்னக் குழாய், பெரிய குழாய், ரத்தக் குழாய் என்று மூன்றும் எது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.' அதைப் படித்த அன்று நான் எழுந்திருக்கவே இல்லை. வள்ளியம்மாவுக்கு என்ன நடந்தது என்று படமாகவே பார்த்துவிட்டேன். என் பிடிதான் அந்தப் பெரிய குழாயைக் கத்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. என் கைக்குத் தெரிந்தும் என் வாய் சொல்லவில்லை. உனக்கு அன்று பதிலில் 'படம் அழகாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினேன். என்னை மன்னித்துக்கொள். அந்தத் தாவணியை நீ எவ்வளவு ஆசையாகப் போட்டுக்கொண்டாய் என்பது ஞாபகம் வந்தது, அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இப்போது சொல், இருபது நிமிஷம் என்றதும் எனக்கு ஏன் பக்கென்றது என்று புரிகிறதா? அதே ஆப்பரேஷனுக்கு உனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் கேலி செய்வதாகப் போன மாதம் எழுதினாய். நான் அதைத் தெரு முழுக்கச் சொல்லிக் கொண்டாடினேன். "எம் பொண்ணு பார்த்து பார்த்துதான் வெட்டுவா" என்று. அதனால்தான் நீயே செய்ய வேண்டும் என்று குதித்தேன்.

ஆனால் இவ்வளவு எழுதிவிட்டு உன் இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்தேன். 'என் கை நடுங்கும்' என்று எழுதியிருக்கிறாய். முதலில் அதைப் பிள்ளைத்தனம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தன் கைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்து, அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறாய். என்னால் முடியாமல் போனது அதுதானே? கை சொல்வதைக் கேள் என்று உனக்குப் பாடம் நடத்திவிட்டு, உன் கை சொல்வதை நானே கேட்காவிட்டால் எப்படி? ஆகவே சரி. கத்தியை அந்த வேகக்காரரே எடுத்துக்கொள்ளட்டும். எனக்குச் சம்மதம்.

ஆனால் அறைக்குள் வரமாட்டேன் என்றாயே, அது மட்டும் நடக்காது. வெள்ளிக்கிழமை நீ கை கழுவிக்கொண்டு என் வலப்பக்கம் நிற்க வேண்டும். என் பித்தப்பையைக் கவ்விய இடுக்கி உன் கையில் இருக்க வேண்டும், வேறு யார் கையிலும் அல்ல. நடுங்குகிற கைக்குக் கத்திதான் ஆகாது, லேசாகப் பிடிக்க ஆகும். நான் நின்ற இடம் அது. அங்கே நிற்கிறவளை யாரும் கவனிக்க மாட்டார்கள், படத்தில்கூட அவளை வரைய மாட்டார்கள். ஆனால் உள்ளே இருப்பது முதலில் தெரிவது அவள் கைக்குத்தான். லேசாகப் பிடி. நூல் கட்டுவதற்கு முன்னால் தளர்த்திக் காட்டு, மூன்றையும் அவர் பார்த்த பிறகு கட்டட்டும். கனம் வேறு மாதிரி வந்தால், அவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், எத்தனை நிமிஷம் ஆகியிருந்தாலும், "சதை வருது" என்று கத்து. அவருக்கு அர்த்தம் புரியாது. ஆனால் நிற்பார். அர்த்தத்தைப் பிறகு நீ சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்குக் கேட்காது என்று நினைக்காதே, அந்தச் சொல் எந்த மயக்கத்திலும் எனக்குக் கேட்கும். அப்புறம், என்னுடையது எந்த மாதிரி என்று பார்த்து வைத்துக்கொண்டு, நான் கண் விழித்ததும் வரைந்து காட்ட வேண்டும். புத்தகத்தில் இருக்கிறபடியே சாதாரணமாக இருந்துவிட்டால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலைப் பாசஞ்சரில் காட்பாடிக்கு வருகிறேன். ஜுலேகா ஒரு தூக்குச் சட்டி நிறைய ஏதோ செய்து தருகிறாளாம், கொழுப்பு ஆகாது என்று நீ எனக்குத் தடை போட்டிருப்பதால் அது உனக்கு. ஜட்கா வண்டியோடு வெளியே நின்றுகொண்டிருக்காதே, பிளாட்பாரத்துக்கே வா. பெட்டியிலிருந்து இறங்கும்போது கையை நீட்டுவேன், பிடித்து இறக்கு. எவ்வளவு லேசாகப் பிடிக்கிறாய் என்று அங்கேயே பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா